"இனிமே ஜெபிக்க மாட்டேன்" என்கிறாள் மகள்

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. தம்பிப் பாப்பா வேண்டுமென்று தினமும் ஜெபித்து வந்தாள். "விசுவாசத்தோடு கேள், இயேசப்பா கட்டாயம் தருவார்" என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். எங்களுக்கு இன்னும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. இப்போது, "அவர் சொன்னதைச் செய்யல, இனிமே ஜெபிக்க மாட்டேன்" என்கிறாள். காத்திருக்க அவளுக்கு எப்படிக் கற்றுத்தருவது?

பதில்: அன்புச் சகோதரி, மனதார ஜெபித்த பிள்ளைக்குத்தான் இவ்வளவு கோபம் வரும். அதட்டாதீர்கள். 13-ஆம் சங்கீதம் தொடங்குவதே "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்ற முறையீட்டோடுதான். அதை அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஆண்டவரிடம் இப்படியும் கேட்கலாம் என்று அவளுக்குத் தெரியட்டும்.

ஆனால் ஒன்றைச் சரிசெய்தாக வேண்டும். தம்பி தருவேன் என்று தேவன் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அது அவர் பெயரில் நீங்கள் கொடுத்த வாக்கு. இதை அவளிடமே சொல்லிவிடுங்கள்: "அம்மா அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், கண்ணு." அவர் கொடுத்த வாக்கு எபிரெயர் 13:5-ல் இருக்கிறது: "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை." அவள் பற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான். 'உனக்கு விசுவாசம் போதவில்லை' என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். தம்பி வராததற்குத் தானே காரணம் என்ற பாரம் அந்தச் சின்ன மனதுக்குத் தாங்காது.

பிறகு யோசேப்பின் கதையைச் சொல்லுங்கள், அவசரமில்லாமல், சில இரவுகளுக்குப் பிரித்து. தான் உயர்த்தப்படுவதாகச் சொப்பனம் கண்டபோது அவனுக்கு 17 வயது. எகிப்தின் ராஜாவான பார்வோன் முன் நின்றபோது 30. நாம் பெரும்பாலும், அண்ணன்மார் அவனைத் தள்ளிய குழியிலிருந்து அரண்மனைக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறோம். நடுவில் உள்ள சிறைச்சாலையில்தான் பிள்ளைகளுக்கான பாடம் இருக்கிறது. தன் விடுதலைக்கு வழி தெரியாத அந்த நாட்களிலும், உடனிருந்த இரண்டு பேரின் முகவாட்டத்தைக் கவனித்து, ஏன் துக்கமாயிருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறான் யோசேப்பு. அவர்களில் விடுதலையானவன், ராஜாவுக்குப் பானம் பரிமாறும் பானபாத்திரக்காரன், அவனை மறந்தே போனான். இன்னும் இரண்டு வருடம் ஓடியது. "அப்போ யோசேப்புக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை பேசாமல் இருங்கள்.

வீட்டிலும் கவனம் வேண்டும். 'அப்புறம்' என்றால் எப்போது என்று பிள்ளைக்குப் புரியாது. "இந்தத் துணிகளை மடித்து முடித்ததும் உன்னோடு விளையாட வருகிறேன்" என்று சொல்லுங்கள். கடைசித் துணியை மடித்ததும் போய்விடுங்கள். கண்ணுக்குத் தெரியும் அம்மாவின் சொல்லே நிற்காவிட்டால், காணாத தேவனின் சொல்லை அவள் எப்படி நம்புவாள்?

இப்போதைக்கு ஜெபிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இரவில் அவள் பக்கத்தில் படுத்து, அவள் காதில் விழும்படி நீங்கள் ஜெபியுங்கள். "தம்பி வருவானா?" என்று கேட்டால், "தெரியலம்மா, நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொல்லுங்கள்.