30 மாநிலங்களில் கிளை இருக்கும் இன்டோர் சைக்கிளிங் செயினின் ஃபிரான்சைஸ் எடுக்கலாமா?

"அமெரிக்காவில் 30 மாநிலங்களில் கிளை வைத்திருக்கிறார்கள், இவ்வளவு பரவியிருந்தால் நம்பிப் பணம் போடலாம்தானே?" என்று ஒரு இன்டோர் சைக்கிளிங் செயினைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். (அறைக்குள் நகராத சைக்கிளில் உட்கார்ந்து, இன்ஸ்ட்ரக்டர் சொல்லச் சொல்ல எல்லோரும் சேர்ந்து மிதிக்கும் கிளாஸ்.) 2017-ல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என் நாத்தனார் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். (அண்ணா என்று கூப்பிடுவேன், இப்போதும்.) லேப்டாப்பில் அமெரிக்க மேப், அதில் அம்மை போட்ட மாதிரி நீலப் புள்ளிகள். "இத்தனை பேர் முட்டாளாம்மா?" என்றார்.

ஃபிரான்சைஸ் என்றால் செயினின் பெயரில், நம் காசைப் போட்டு, நாமே கிளை நடத்துவது. அப்படி அந்தப் புள்ளிகளில் ஒன்றாக நாங்களும் ஆனோம். டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகர், ஸ்ட்ரிப் மால், ஒரு பக்கம் நெயில் சலூன், மறுபக்கம் பல் டாக்டர். 2018 செப்டம்பரில் திறந்தோம், 2022-ல் மூடினோம். செயினின் பெயரைக் கேட்காதீர்கள், வெளியே வரும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேரைத் தெரியும். "தோற்றவள் வயிற்றெரிச்சல்" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டுப் போடவும். "கோவிட் வந்தா யாருதான் தாங்குவாங்க" என்று ஆறுதல் சொல்கிறவர்களுக்கும் ஒன்று: வாடகை கட்டுவதற்காக வீட்டின் மேல் கடன் வாங்கியது 2019 நவம்பரில். அப்போது கோவிட் என்ற வார்த்தையே கிடையாது.

இந்தத் தொழிலைப் பிரபலமாக்கிய சோல்சைக்கிள் என்ற நியூயார்க் செயினின் கதையை உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். 2006-ல் மன்ஹாட்டனில் மேற்கு 72-ஆம் தெருவில் ஒரு கட்டடத்தின் பின்பக்கம் ஒரே ஒரு ஸ்டூடியோ. வாசலில் போர்டு வைக்க அனுமதி இல்லாததால் ஒரு ரிக்‌ஷாவில் பெயரை எழுதி வெளியே நிறுத்தினார்கள். 2015-ல் பங்குச் சந்தைக்கு மனுப்போட்டபோது கிளைகள் 38, முந்தைய வருட வருமானம் சுமார் 11.2 கோடி டாலர். இதுவரைதான் உங்களுக்குச் சொல்வார்கள். 2018-ல் அந்த மனுவை வாபஸ் வாங்கியதும், 2022-ல் 83 கிளைகளில் கால்வாசியை மூடியதும் ஸ்லைடில் இருக்காது. அவர்களிடமிருந்து பிரிந்து வந்தவர் 2010-ல் கூட்டாகத் தொடங்கிய ஃப்ளைவீல் என்ற போட்டிச் செயின் 40-க்கு மேல் கிளை கண்டு, 2020 செப்டம்பரில் மஞ்சள் கடுதாசி கொடுத்தது.

ஆனால் அவையெல்லாம் கம்பெனியே நடத்திய கிளைகள். ஒன்றை இழுத்து மூடினால் அடி கம்பெனிக்கு. நீங்கள் கேட்கிற ஃபிரான்சைஸில் கிளையை மூடினால் அடி உங்களுக்கு. கம்பெனி நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்றே ஒரு தொகை வாங்கியிருக்கும், அப்புறம் மாதாமாதம் ராயல்டி. அதுவும் லாபத்தில் இல்லை, மொத்த விற்பனையில். நீங்கள் நஷ்டத்தில் ஓடும் மாதத்திலும் அவர்களுக்கு வரும்படி உண்டு.

ஊரும் ஒரு விஷயம். மன்ஹாட்டனில் வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஸ்டூடியோ, நடந்தே வந்துவிடுவார்கள். அங்கே திங்கள்கிழமை மதியம் 12 மணிக்குப் புக்கிங் திறந்தால் அடித்துப் பிடித்து சீட் போடுவார்கள். எங்கள் ஊரில் 20 நிமிஷம் கார் ஓட்டி வந்து, நின்ற இடத்தில் 45 நிமிஷம் மிதித்து, வியர்வையோடு மறுபடி 20 நிமிஷம் கார். அதே சாலையில் பெரிய ஜிம் ஒன்றில் மாதச் சந்தாவுக்குள்ளேயே சைக்கிள் கிளாஸும் உண்டு.

எங்களிடம் 44 சைக்கிள். காலை 6 மணி கிளாஸ் நிரம்பும். 9:30-க்குப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் அம்மாக்கள், பரவாயில்லை. பிறகு சாயங்காலம் 5:30 வரை விளக்கு, ஏசி, வாடகை மட்டும் ஓடும். ஜனவரியில் எல்லோருக்கும் புத்தாண்டு வைராக்கியம், மார்ச்சில் ஸ்பிரிங் பிரேக்கோடு சரி.

என் அப்பா மன்னார்குடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். மணிக்கு ஒரு ரூபாய். கடைச் சைக்கிளில்தான் நான் குரங்குப் பெடல் பழகினேன். திறப்பு விழா அன்று வீடியோ காலில் காட்டினேன். "வண்டி வெளியவே போகாதா? அப்ப பஞ்சர் செலவு மிச்சம்" என்றார். 45 நிமிஷத்துக்கு 26 டாலர் என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "மத்தியானம் எத்தனை வண்டி சும்மா நிக்கும்?" என்று கேட்டார். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

இரண்டு அடி விழுந்தது. முதல் அடி, எங்கள் நட்சத்திர இன்ஸ்ட்ரக்டர் கிளம்பிப் போனது. நல்ல பெண், அவளைக் குறை சொல்லவில்லை, வேறு ஸ்டூடியோவில் கிளாஸுக்கு 15 டாலர் அதிகம் கொடுத்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை 6 மணி கிளாஸுக்கு 9 பேர். அதற்கு முந்தைய வாரம் 31. ஆட்கள் வந்தது எங்கள் போர்டைப் பார்த்து இல்லை, அவளுக்காக. கிளாஸ் முடிந்ததும் வழக்கம்போல ஸ்ப்ரேயும் துணியுமாக 44 சைக்கிளையும் துடைத்தேன். 35-ஆவது சைக்கிளிலோ என்னவோதான் உறைத்தது, இதில் யாரும் உட்காரவே இல்லையே என்று.

இரண்டாவது அடிதான் உங்கள் கேள்விக்குப் பதில். 2019 கோடையில் அதே செயின் எங்களிடமிருந்து 7 மைல் தள்ளி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், இன்னொருவருக்குக் கிளை கொடுத்தது. ஒப்பந்தத்தில் எங்களுக்கென்று ஒதுக்கிய எல்லைக்கு வெளியேதான், சட்டப்படி தப்பே இல்லை. ஆனால் எங்கள் மெம்பர்களில் நாலில் ஒரு பங்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். மேப்பில் ஒரு புள்ளி கூடியது. அந்த வாரமே புதிதாக ஒருவருக்கு அதே மேப்பைக் காட்டியிருப்பார்கள், "பாருங்கள், எப்படிப் பரவுகிறோம்" என்று.

எனவே மேப்பை மூடுங்கள். எஃப்.டி.டி. (ஃபிரான்சைஸ் டிஸ்க்ளோஷர் டாக்குமென்ட்) என்று ஒரு ஆவணத்தைக் கம்பெனி உங்களுக்குத் தந்தாக வேண்டும், கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்னால். அதில் 23 அயிட்டம், அதாவது பகுதிகள், இருக்கும். எல்லோரும் 19-க்குத் தாவுவார்கள், நாங்களும்தான். அதில்தான் கிளைகளின் வருமானக் கணக்கு. அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டமில்லை. கொடுத்தாலும் எந்தக் கிளைகளைச் சேர்த்து சராசரி போட்டார்கள் என்று அடிக்குறிப்பைப் படியுங்கள். எங்களுடையதில் ஒரு வருஷம் முடியாத கிளைகளும் மூடிப்போனவையும் கணக்கிலேயே இல்லை. பிழைத்தவர்களின் சராசரியை வைத்து அண்ணா எக்செல் போட்டார்.

அதற்குப் பதில் 20-ஐத் திறங்கள். மூன்று வருஷக் கணக்கு, மாநிலவாரியாக. எத்தனை திறந்தது, எத்தனை நின்றுபோனது, எத்தனை கை மாறியது. கை மாறியதை விட்டுவிடாதீர்கள். மூடினால் வாடகை பாக்கி துரத்தும் என்று வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களும் அந்தக் கட்டத்தில்தான் இருப்பார்கள். கையெழுத்தாகியும் திறக்காத கிளைகளுக்குத் தனி அட்டவணை உண்டு. அவற்றையும் சேர்த்து "30 மாநிலம்" என்கிறார்களா என்று பாருங்கள். போன வருஷம் விலகியவர்களின் பெயரும் போன் நம்பரும் அங்கேயே இருக்கும்.

நான் அவர்களைக் கூப்பிட்டது 2019 டிசம்பரில். புத்தி வர அவ்வளவு நாள். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர், "ஸாரி, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்று வைத்துவிட்டார். ஒஹாயோவில் ஒரு அம்மா மட்டும் 40 நிமிஷம் பேசினார். அவர் முதலில் கேட்டதே, "உங்கள் செயினின் அடுத்த கிளை எத்தனை மைல்?"

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், மனசு ஆறவில்லை. வியாபாரம் படுத்திருந்த நேரத்திலும் இங்கே ஒரு தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு 500 டாலர் ஸ்பான்சர் கொடுத்தோம். பேனரில் எங்கள் பெயரைத் தமிழில் போட்டு "சைக்கில்" என்று அடித்திருந்தார்கள். தமிழ்ப் பள்ளியில்! சுட்டிக்காட்டியதற்கு, "விடுங்க மேடம், யார் படிக்கப் போறா" என்றார் ஒருவர்.

நீங்கள் எந்த மாநிலம் என்று எழுதவில்லை. அயிட்டம் 20-ன் மூன்றாவது அட்டவணையில் உங்கள் மாநில வரிசையை மட்டும் கமெண்டில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம். அதெல்லாம் வேண்டாம், எடுத்தே தீருவேன் என்றால், வாடகைக்கு விட்ட கிளிப் ஷூ (பெடலில் மாட்டிக்கொள்கிற ஷூ) 60 ஜோடி கராஜில் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் சைஸ் 8 மட்டும் இருக்காது, அது எப்போதுமே பற்றாது.