சிக்னல் இல்லை என்று சொன்ன நாள்

கேள்வி: ராணுவத்தில் இருக்கிறேன். தொடர்ந்து மூன்றாவது வருடமாகப் பண்டிகைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. வீட்டில் மனைவி, ஆறு வயது மகள், அம்மா. அந்த நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. போன வருடம் அவர்கள் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று பயந்து பேசவில்லை. சிக்னல் இல்லை என்று மறுநாள் சொல்லிச் சமாளித்துவிட்டேன். இந்த வருடம் மனதை எப்படித் தேற்றிக்கொள்வது?
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. மனம் தேறாது. அந்த நாள் கனமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வீட்டை நினைத்து நெஞ்சு அடைப்பதற்கு மருந்து தேட வேண்டியதில்லை.

என்னை நிறுத்தியது வேறொரு வரி. 'சிக்னல் இல்லை என்று மறுநாள் சொல்லிச் சமாளித்துவிட்டேன்.' தூக்கம் வராததை எல்லாம் சொல்லும் நீங்கள், இதை மட்டும் ஒரே மூச்சில் தாண்டிப் போகிறீர்கள். மறுநாள் சொன்னீர்கள், சரி. அந்த ஒரு நாள் முழுக்க வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தீர்களா?

களத்தில் ஒருவர் இறந்தாலோ படுகாயம் அடைந்தாலோ, அவர் குடும்பத்துக்கு முறைப்படி தகவல் போய்ச் சேரும்வரை முகாமின் போன், இணையம் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் வழக்கம் சில படைகளில் உண்டு. ஆப்கானிஸ்தானில் இருந்த பிரிட்டிஷ் படையில் இதற்கு 'ஆபரேஷன் மினிமைஸ்' என்றே பெயர். சாவுச் செய்தி வதந்தியாக ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாதே என்று செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதனாலேயே, போன் வராத நாள் என்றால் என்னவென்று படைவீரர் குடும்பங்களுக்குத் தெரிந்துபோனது. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. அந்த யாரோ யார்? வாசலில் ஒரு வண்டி நின்றால்கூட உயிர் போய்த் திரும்பும்.

அப்படி ஒரு பகலையும் ஓர் இரவையும் உங்கள் மனைவிக்குக் கொடுத்தீர்கள், அதுவும் பண்டிகை நாளில். மகளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு, மாமியாருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு, அவர் அதைக் கடந்திருக்கிறார். நீங்கள் அழாமல் தப்பிக்க அவர் அத்தனையும் சுமந்திருக்கிறார். இதைச் சமாளிப்பு என்று எழுதாதீர்கள். ஓடி ஒளிந்தீர்கள். கோபத்தோடுதான் சொல்கிறேன்.

நிஜமாகவே பேச முடியாதவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் அணு ஏவுகணை நீர்மூழ்கிக் கப்பல்களில் மாதக்கணக்கில் ரோந்து போகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை 120 வார்த்தைகளில் வீட்டுச் செய்தி வரும். பதிலுக்கு ஒரு சொல்கூட அனுப்ப முடியாது, கப்பல் இருக்கும் இடம் தெரிந்துவிடும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஓர் அச்சடித்த கார்டு கொடுத்தார்கள். 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்' என்று வரிசையாக வாக்கியங்கள் இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போடலாம். அதற்கு மேல் ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் கார்டை அழித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்காக வீடுகள் காத்துக் கிடந்தன. உங்கள் கையிலோ வேலை செய்கிற போன் இருந்தது!

பண்டிகை என்பது வீடு எடுக்கும் ரோல் கால் என்பது என் நம்பிக்கை. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எண்ணிப் பார்க்கும் நாள். முகாமில் உங்கள் பெயரைக் கூப்பிடும்போது வாய் திறக்காமல் நிற்பீர்களா? நாட்டுக்கான கடமை வீட்டுக்கான கடமையைத் தள்ளிவைக்கும், ரத்து செய்யாது. நேரில் வராததற்கு உங்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. குரல் கொடுக்காததற்குக் கேள்வி கேட்க அந்த மூன்று பேருக்கும் உரிமை உண்டு.

மகள் முன்னால் குரல் உடைந்துவிட்டால்? உடையட்டுமே. அப்பாவுக்கும் நம்மைப் பிரிந்திருப்பது வலிக்கிறது என்று ஆறு வயதுப் பிள்ளை தெரிந்துகொள்ளலாம். அப்பா பேசவே இல்லை என்பதை என்னவென்று அவள் புரிந்துகொள்வாள்?

இந்த முறை வீட்டுக் கடிகாரப்படி ஒரு நேரம் சொல்லிவையுங்கள். பணியின் ரகசியம் இடம் கொடுக்கும் அளவுக்கு, அது தவறினால் மறுபடி எப்போது முயல்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் பேசினாலும் போதும். மகளுக்குக் கைப்பட ஒரு கடிதம் இப்போதே அனுப்புங்கள், லைன் உண்மையிலேயே போய்விட்டாலும் அவள் கையில் ஏதாவது இருக்கும். அப்புறம், கூப்பிட வீடே இல்லாத தோழர் ஒருவர் உங்கள் முகாமிலும் இருக்கலாம். பேசி முடித்ததும் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஆனால் முதல் வேலை வேறு. பண்டிகைவரை காத்திருக்காமல், இந்த வாரமே மனைவியைக் கூப்பிட்டு, "அன்றைக்கு சிக்னல் இருந்தது, நான்தான் பேசவில்லை" என்று சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், நாளைக்கு நிஜமாகவே லைன் அறுந்து, அதன்பின் உங்கள் பொய் தெரியவந்தால் அவர் எதை நம்புவார்? அவர் திட்டலாம், அழலாம். காரணம் சொல்லிக் குறுக்கே பேசாதீர்கள். போனை வைத்துவிட்டால் மறுநாள் மறுபடி கூப்பிடுங்கள்.