ஈரல் இறுகுவது

அன்புள்ள சார்,

அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி. ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 14 கிலோபாஸ்கல் வந்திருக்கிறது. "ஈரல் கெட்டிப்பட்டிருக்கு" என்றார் டாக்டர், அதற்குமேல் பேசவில்லை. செல்களே கல்லாகிவிடுமா? இறுகினது இனி இளகாதா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

செல்கள் கல்லாவதில்லை. இறுகுவது அவற்றைச் சுற்றியிருக்கும் புரத வலை. செல்களே அதைச் சுரந்து, செல்களே அதில் குடியிருக்கின்றன. மேட்ரிக்ஸ் என்பார்கள், அதில் முக்கியமான நார் கொலாஜன். கறிக்கடையில் ஆட்டு ஈரலை விரலால் அழுத்திப் பாருங்கள், குழையும். நல்ல ஈரலில் வலை அவ்வளவு மெல்லிசு.

ஈரலில் நட்சத்திர செல்கள் என்று ஒரு வகை. சாதாரண நாளில் வைட்டமின் ஏ-யைக் கொழுப்புத் துளிகளில் சேர்த்துவைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். வைரஸோ சாராயமோ ஈரலைப் புண்ணாக்கிக்கொண்டே இருந்தால், சேமிப்பைக் கைவிட்டுவிட்டு கொலாஜன் நெய்யத் தொடங்கும். தழும்பு போடுகிற வேலைதான். புண் ஓயாததால் தழும்பும் ஓயாது.

எனக்கு வியப்பானது இனிமேல்தான். இதே செல்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தின் விறைப்பான பிளாஸ்டிக் தட்டில் போட்டால், நோய் எதுவும் இல்லாமலே நார் நெய்கின்றன. மெத்தென்ற ஜெல்லில் வைத்தால் பெரும்பாலும் அடங்கியிருக்கின்றன. செல்லின் மேலுறையிலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் வலையைப் பற்றி இழுத்துப் பார்க்கும். வலை இழுபடாமல் விறைத்து நின்றால் அந்தச் சேதி உட்கருவரை போகும். எலிகளில் நார் குவியும் முன்பே ஈரல் விறைத்துவிடுவதை 2007-ல் காட்டினார்கள். ஏற்கெனவே உள்ள இழைகளை ஒன்றோடொன்று தைத்துவிடும் நொதியின் வேலை அது. பிறகு விறைப்பு நாரை வளர்க்கும், நார் விறைப்பை வளர்க்கும்.

இளகுமா? இளகும். 2013-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஹெபடைடிஸ் பி-யால் சிரோசிஸ்வரை, அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறும் நிலைவரை, போயிருந்த 96 பேர் வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை ஐந்தாண்டு சாப்பிட்டார்கள். ஈரலில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில், 71 பேருக்கு அப்போது சிரோசிஸ் இல்லை. வைரஸ் அடங்கியதும் நட்சத்திர செல்களில் சில மடியும், சில பழைய தூக்கத்துக்குத் திரும்பும். மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவு செல்கள் நாரை அரித்துக் கரைக்கும். மற்ற 25 பேருக்கு அது நடக்கவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அந்த 14-ஐ மட்டும் வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள். ஈரலில் அழற்சி மும்முரமாக இருந்தாலும் எண் ஏறும். சாப்பிட்டதும் எடுத்தாலும் ஏறும். மூன்று மணி நேரமாவது வயிறு காலியாக இருக்கவேண்டும். அப்பா அன்று காலை என்ன சாப்பிட்டுவிட்டுப் போனார்?