மாசி, பங்குனியில் வீட்டுத் தோட்டத்தில் என்ன நடலாம்? எந்தக் குச்சி பிழைக்கும்? புழு, அணில், பாம்புக்கு என்ன செய்வது?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறது, மேலே மொட்டைமாடி சும்மா கிடக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் முருங்கை, செம்பருத்தி, மல்லி எல்லாவற்றிலும் கிளை வெட்டித் தரத் தயார், இப்போதே நட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கறிவேப்பிலையை மொட்டையடிக்கும் புழுவுக்கு என்ன மருந்து, செடி அடர்ந்தால் பாம்பு வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் திருச்சிப் பக்கம். பங்குனி பிறந்தாலே மொட்டைமாடியில் வெறுங்காலை வைக்க முடியாத ஊர். நான் சொல்வதெல்லாம் அந்த வெயிலை மனதில் வைத்துத்தான், ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இது பொருந்தாது.

வசந்தம் வந்தால் எல்லாவற்றையும் நடலாம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி, அங்கே பனி விலகி அப்போதுதான் மண் சூடாகிறது. நமக்கு மாசி என்பது வெயிலுக்கு முன் கிடைக்கும் கடைசி அவகாசம். மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்குவதற்குள் செடி வேரை ஆழமாக இறக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வேரைச் சீக்கிரம் இறக்கிவிடுகிற செடியை இப்போது நடுங்கள், மெதுவாக வேர்விடும் செடியை ஆடிக்குத் தள்ளிவையுங்கள்.

விதை போடுவதென்றால் வெண்டை, கொத்தவரை, காராமணி, சுரை, பீர்க்கை, பூசணி, வெள்ளரி, தண்டுக்கீரை இதெல்லாம் இப்போது தைரியமாகப் போடலாம். வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து மறுநாள் நேரடியாக மண்ணிலேயே ஊன்றிவிடுங்கள், நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அடிபடும். ஒன்றரை மாதத்தில் பிஞ்சு பறிக்கலாம், ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாளாவது பறித்தே ஆகவேண்டும், விட்டால் முற்றிப்போய் அடுத்த பிஞ்சும் குறையும். தக்காளியை இப்போது ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 35 டிகிரியைத் தாண்டினால் பூ பூத்துப் பூத்து உதிரும், செடிக்கும் வேதனை, உங்களுக்கும் ஏமாற்றம்.

கொடிக் காய்களில் எல்லோரும் கேட்பது "பிஞ்சு விட்டது, மஞ்சளாகிக் கொட்டிவிட்டது" என்பதுதான். பெரும்பாலும் அது மகரந்தம் சேராத பெண்பூ. பூசணிப் பூ விடியற்காலையில் விரியும், தேனீ வந்தால் வேலை முடிந்தது. சுரைப்பூவோ சாயங்காலம் விரிவது, அதற்கு அந்துப்பூச்சிதான் வரவேண்டும். மாடியில் ராத்திரி முழுக்கப் பளீரென்று விளக்கு எரியவிட்டால் அந்துப்பூச்சி பூவை விட்டு விளக்கைத்தான் சுற்றும். வராவிட்டால் ஆண்பூவைப் பறித்து, இதழை மடக்கிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவில் நீங்களே தடவிவிடுங்கள், பூசணிக்குக் காலையில், சுரைக்கு இருட்டும் நேரத்தில்.

இனி குச்சி விஷயம். முருங்கைப் போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளை, இப்போது வைக்கலாம், மாடியில் அல்ல, கீழே மண்ணில். மணிக்கட்டுப் பருமனில் மூன்று, நான்கு அடி நீளத்துக்கு முற்றிய கிளையாக வாங்குங்கள். வெட்டிய உடனே நடாமல் ஓரிரு நாள் நிழலில் சாய்த்துவைத்து வெட்டுவாய் காய்ந்ததும், ஓர் அடிக்குக் குறையாமல் மண்ணுக்குள் இறக்கி, மேல் முனையில் பச்சைச் சாணியை உருட்டி அப்பிவிடுங்கள், முனை வழியாக ஈரம் போகாது. அப்புறம் அதை ஆட்டிப் பார்க்கவே கூடாது. தண்ணீரும் தினம் தினம் ஊற்றக்கூடாது, முருங்கை மென்மரம், அழுகித்தான் சாகுமே தவிர காய்ந்து சாவது குறைவு. போத்து கிடைக்காதவர்கள் செடிமுருங்கை விதை போடலாம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 என்ற ரகம் விதையிலிருந்தே வளர்வது, ஏறக்குறைய ஆறு மாதத்தில் காய்க்கும்.

செம்பருத்தி இந்த மாதத்திலும் வரும், நிழல் மட்டும் வேண்டும். பென்சில் பருமனில், பச்சையும் இல்லாமல் முழுக்க மரமாகவும் ஆகாமல் இருக்கிற கிளையில் ஒரு சாண் எடுங்கள். கீழ் வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்கட்டும், வேர் அங்கிருந்துதான் கிளம்பும். மேலே ஒன்றிரண்டு இலையை விட்டு, அதையும் பாதியாகக் கத்தரித்து, தென்னைநார்க் கழிவும் மணலும் கலந்ததில் ஊன்றி, கிணற்றடி மாதிரி நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் வையுங்கள். இரண்டு வாரத்தில் துளிர்விடும். துளிரைப் பார்த்ததும் வெயிலுக்குத் தூக்கிப்போகாதீர்கள்! அது குச்சிக்குள் சேர்த்துவைத்த சத்திலிருந்து வரும் துளிர், கீழே இன்னும் ஒரு வேர்கூட வந்திருக்காது. நான் ஜூஸ் கடையில் கொடுக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கப்பில்தான் குச்சி வைக்கிறேன், அடியில் ஓட்டை போட்டு. வெள்ளை வேர் கப்பின் சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்குவது வெளியிலிருந்தே தெரியும், இழுத்துப் பார்க்கும் அவசியம் இல்லை. கற்பூரவள்ளி, நந்தியாவட்டை, பன்னீர் ரோஜா எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

மல்லியை மட்டும் இப்போது தொடவே வேண்டாம். குண்டுமல்லியைக் கார்த்திகை வாக்கில் கிளை வெட்டிக் கவாத்து செய்வார்கள், இப்போது அரும்பு கட்டும் நேரம், கிளை கேட்டால் கொடுப்பவருக்குப் பூ நஷ்டம். மழைக்காலம் வரட்டும், நீளக் கிளை ஒன்றை வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, ஒரு தொட்டி மண்ணில் புதைத்துக் கல் வைத்துப் பதியன் போட்டுக்கொள்ளுங்கள். வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடியே சோறு போடும், அதனால் பதியன் வீணாவது அரிது.

கறிவேப்பிலைக் குச்சிக்கும் மெனக்கெடாதீர்கள். பெரிய மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் கன்றை வேரோடு பெயர்த்து நடுவது எளிது, அல்லது பழத்தைப் பிழிந்து உடனே விதைப்பது. விதை காய்ந்து கிடந்தால் சீக்கிரமே முளைப்புத்திறன் போய்விடும்.

அந்தப் புழுவுக்கு மருந்து கேட்டீர்கள். மருந்தே வேண்டாம். முதலில் காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும், அப்புறம் தோலுரித்துப் பச்சையாகிவிடும். விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவை ஒன்றை நீட்டிக் காரமாக ஒரு வாடை விடும். எறும்பையும் சின்னக் குருவியையும் விரட்ட அதற்கு இருப்பது அவ்வளவுதான். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை இவற்றில் முட்டையிடும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் பிள்ளை அது. ஆளுயரச் செடியை அது ஒன்றும் செய்துவிடாது, இரண்டே வாரத்தில் தானே துளிர்க்கும். தொட்டியில் உள்ள சின்னக் கன்று என்றால் புழுவை இலையோடு கிள்ளி எலுமிச்சை மரத்தில் விட்டுவிடுங்கள், கன்றுக்குக் கொசுவலைத் துணி போர்த்துங்கள். நாளைக்கு ரசத்தில் போடப்போகிற இலையில் விஷம் தெளிக்க எப்படி மனம் வரும்?

செம்பருத்தியில் வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சி வேறு கதை, அதைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட வேண்டும், எறும்பு ஏறும் வழியையும் அடைக்க வேண்டும். ஆனால் அடிப்பதற்கு முன் உற்றுப் பாருங்கள். அந்த வெள்ளைக்கு நடுவே, நூல் நூலாக மெழுகு தொங்க, அவற்றைவிடப் பெரிதாக, வேகமாக நகரும் ஒன்று இருந்தால் அது மாவுப்பூச்சி இல்லை, அதைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. அது இருக்கும் கிளையை விட்டுவிடுங்கள். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்திவரை வெளுத்து வாங்கியது நினைவிருக்கும். மருந்தடித்தும் தீராத அதை அடக்கியது 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துவிட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்னக் குளவி. மருந்தடிக்கிற தோட்டத்தில் அந்தக் குளவியும் சாகும், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மாசி, பங்குனியில் கிளை கழிக்கும் முன் தேன்சிட்டுக் கூடு தொங்குகிறதா என்றும் பாருங்கள். காய்ந்த குப்பை ஒட்டடையில் சிக்கித் தொங்குவதுபோலத்தான் தோன்றும், சிலந்திவலையால் மரப்பட்டைத் துணுக்கைக் கோத்துக் கட்டியது, பக்கவாட்டில் வாசலும் வாசலுக்கு மேல் சின்னத் தாழ்வாரமும் இருக்கும். பெரும்பாலும் இரண்டு முட்டை. அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க ஏறக்குறைய அவ்வளவு. ஒரு மாதம் கத்தரியை உள்ளே வைத்தால் போதும். அகலமான மண்சட்டியில் ஒரு கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள், கல் இருந்தால் தேனீயும் மூழ்காமல் குடித்துப்போகும். அணில் தொட்டியிலிருந்து தென்னைநாரை இழுப்பது கூடு கட்டத்தான், ஒரு மூலையில் உரித்த மட்டையைப் போட்டுவைத்தால் தொட்டியைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

பாம்பைப் பற்றிக் கேட்டதற்கு: செடி இருப்பதால் மட்டும் பாம்பு வராது, எலியும் ஒளிய இடமும் இருந்தால்தான் வரும். வருவது அநேகமாக எலி தின்னும் சாரையாகவே இருக்கும், ஆனால் பார்த்துப் பழகாதவர்கள் எது என்று முடிவுசெய்ய முயலக்கூடாது, தள்ளி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். செங்கல், ஓடு, தென்னங்கீற்று எதையும் பின்வாசலை ஒட்டிக் குவிக்காதீர்கள். செடிக்கு மூடாக்காகப் போடும் சருகு நாலு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம், வாசற்படியிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்கு மண் வெறுமையாகத் தெரியட்டும். சாயங்காலம் இருட்டியபின் தண்ணீர் ஊற்றப் போனால் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் இறங்காதீர்கள்.