சமையல் மேடைக்கு மேல் பிளக் பாயின்ட்: டேப்பை எங்கிருந்து பிடிப்பது?

கேள்வி: சமையலறையில் தரை, மேடை, ஒயரிங் எல்லாவற்றையும் மாற்றுகிறோம். அடுத்த வாரம் சுவர் வெட்ட ஆள் வருகிறார். "தரையிலிருந்து மூன்றரை அடியில் எல்லாப் பிளக் பெட்டியையும் வைத்துவிடலாம்" என்கிறார் எலக்ட்ரீஷியன். டைல்ஸ் ஒட்டுபவரோ "முதலில் டைல்ஸை முடிவு பண்ணுங்கள், அப்புறம் பெட்டி" என்கிறார். மேடை 3 மீட்டர் நீளம்; இடப்பக்கம் அடுப்பு, வலப்பக்கம் சிங்க், நடுவில் 120 செ.மீ. இடம். எல்லாம் ஒரே வரிசையில் ஒழுங்காகத் தெரிய வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டைல்ஸ்காரர் சொல்வதைக் கேளுங்கள். மூன்றரை அடி என்பது மோசமான கணக்கு இல்லை. ஆனால் எலக்ட்ரீஷியன் டேப்பை ஊன்றப்போகும் தரை இன்னும் முடிந்த தரை இல்லை. மட்டக் கலவையும் டைல்ஸும் சேர்ந்தால் 5 செ.மீ. போல உயரும். மேடையும் கூடவே உயரும். சுவரில் புதைத்த பெட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். என் வீட்டிலேயே இந்தத் தவறு நடந்தது. கல் பதித்து, சுவரோரம் 10 செ.மீ. கல் பட்டையையும் நிறுத்திய பிறகு பார்த்தால், பட்டையின் விளிம்பு பெட்டியின் கீழ்ப்பகுதியை மறைத்துக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் மட்டும் பட்டையை வெட்டி ஒப்பேற்றினோம். வருகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை. என் கண் மட்டும் நேராக அங்கேதான் போகும்.

ஆகவே, முடிந்த மேடையின் மேற்பரப்பு எங்கே வரும் என்று முதலில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். கல்லின் கனத்தையும் அதன் அடியில் வரும் கலவையையும் சேர்த்துத்தான். மேல் கேபினெட்டின் அடிப்பக்கத்துக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே பொதுவாக 45 முதல் 60 செ.மீ. இருக்கும். பெட்டியின் மையம் மேடையிலிருந்து 15 முதல் 25 செ.மீ.க்குள் வந்தால் நல்லது. சரிபாதியில் வைத்தால் சமச்சீராக இருக்கும் என்று தோன்றும். நடைமுறையில் ஒயர்கள் சுவரின் நடுவிலிருந்து தொங்கும். கொஞ்சம் கீழே இருந்தால் மிக்சியும் கெட்டிலும் ஒயரில் பாதியை மறைத்துவிடும். அதற்காக ஒரேயடியாகக் கீழே இறக்கினால் மேடையைத் துடைக்கும் தண்ணீர் தெறிக்கும், பிளக்கின் ஒயர் மடங்கும்.

அந்த 15-க்கும் 25-க்கும் நடுவில் எது என்பதை டைல்ஸ்தான் முடிவு செய்யும். உதாரணத்துக்கு, 10 செ.மீ. கல் பட்டை, அதற்கு மேல் 30 செ.மீ. உயர டைல்ஸ் என்று வையுங்கள். முதல் வரிசை 10-இல் தொடங்கி 40-இல் முடியும். அதன் நடு 25. பெட்டியின் மையத்தை அங்கே வையுங்கள். பட்டை இல்லாமல் மேடையிலிருந்தே டைல்ஸ் தொடங்கினால் நடு 15-க்கு வந்துவிடும். சிறிய டைல்ஸ் என்றால் கிரவுட் கோட்டின் (இரண்டு டைல்ஸுக்கு இடையே நிரப்பும் கோடு) மேலேயே மையத்தை வைத்தாலும் அழகுதான். கெட்டது எதுவென்றால், பெட்டியின் விளிம்பு கிரவுட் கோட்டிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி நிற்பது. அந்த மெல்லிய துண்டு வெட்டும்போதே உடையும், உடையாவிட்டாலும் கண்ணை உறுத்தும்.

அப்புறம், பெட்டியின் ஆழம். உயரத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், இதை மறந்துவிடுவார்கள். டைல்ஸும் பசையும் சேர்ந்து ஒன்றரை செ.மீ. அளவுக்குச் சுவர் முன்னே வரும். பெட்டியின் வாய் பூச்சு மட்டத்திலேயே நின்றுவிட்டால், பெட்டியை மூடும் பிளேட்டின் திருகு எட்டாது. நீளமான திருகு போட்டு இழுத்தாலும் பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் பிளேட் ஆடும். ஒரு டைல்ஸ் துண்டைச் சுவரில் பிடித்துப் பார்த்து, பெட்டியின் வாயை டைல்ஸின் முகத்துக்கு ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) உள்ளே நிறுத்தச் சொல்லுங்கள். டைல்ஸில் வெட்டும் ஓட்டையும் அளவாக இருக்கட்டும். பிளேட் பெட்டியை விடச் சுற்றிலும் சில மில்லிமீட்டர்தான் பெரிது.

இடைவெளிக்கு வருவோம். சிங்கின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 30 செ.மீ. தள்ளி வைப்பது பிரிட்டனில் வழக்கமான வழிகாட்டல். அடுப்பு ஓரத்திலிருந்தும் அதே அளவை நான் விடுவேன். அடுப்புக்கு நேர் மேலே கூடவே கூடாது. உங்கள் 120 செ.மீ.யில் இருபக்கமும் 30 போனால் மிஞ்சுவது 60. அதன் இரு ஓரத்திலும் இரட்டைப் பிளக் ஒவ்வொன்று போதும். சிங்கைத் தாண்டி இடம் இருந்தால் அங்கே இன்னொன்று. அமெரிக்க மின் விதி, சுவரோர மேடையில் எந்த இடத்திலிருந்தும் 24 அங்குலத்துக்குள் ஒரு பிளக் இருக்கச் சொல்கிறது. சிறிய சாதனங்களின் ஒயர் குட்டை என்பதுதான் காரணம். எந்த ஊர்ச் சுவருக்கும் இது பொருந்தும் கணக்கு. உங்கள் பகுதியின் விதி வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

ஃபிரிட்ஜ், சிம்னி, பாத்திரம் கழுவும் மெஷின் ஆகியவற்றின் பிளக்கை மேடைக்கு மேல் கொண்டுவராதீர்கள். பிளக் மறைவாக இருக்கட்டும், அதன் சுவிட்ச் மட்டும் வரிசையில் வரட்டும். விளக்கு சுவிட்சையும் அதே மையக்கோட்டில் வையுங்கள். பிளக் ஒரு மட்டம், சுவிட்ச் ஒரு மட்டம் என்றால் வரிசை அங்கேயே கெட்டுவிடும்.

கெட்டிலையும் மைக்ரோவேவையும் ஒரே சர்க்யூட்டில் மாட்டவேண்டாம். 2,000 வாட் கெட்டில் ஒன்றே 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் புழங்கும் இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்பு (RCD) கட்டாயம் வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.

சுவர் வெட்டும் நாளில் பக்கத்தில் இருங்கள். பெட்டியிலிருந்து ஒயருக்கு வெட்டும் காடி நேர் மேலே அல்லது நேர் கீழே போகட்டும், குறுக்கே சாய்வாக வேண்டாம். பிற்பாடு அலமாரி மாட்ட டிரில் போடுகிறவருக்கு உள்ளே ஒயர் எங்கே ஓடுகிறது என்று தெரியாது; நேராக இருந்தால்தான் ஊகிக்க முடியும். பூசுவதற்கு முன், டேப்பைச் சுவரோடு விரித்துப் பிடித்து, எண்கள் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள்.