கூலியைக் கேட்டால் கம்யூனிஸ்டா?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் முதலாளி பக்தியுள்ளவர், சபைக்கு மண்டபம் கட்டப் பெரிய தொகை கொடுத்திருக்கிறார். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இரண்டு மாதக் கூலி பாக்கி. எடுத்துச் சொன்னேன். "கம்யூனிஸ்ட் மாதிரி பேசாதீங்கம்மா. என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையான்னு வேதத்திலேயே இருக்கே" என்கிறார். என் தம்பியோ, ஆதிச்சபையே கம்யூனிசம்தான், சொத்து வைத்திருப்பதே பாவம் என்று வாதாடுகிறான். நான் எந்தப் பக்கம் நிற்பது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் முதலாளி காட்டிய வசனத்திலிருந்தே தொடங்குவோம். மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டத்து எஜமான் சொல்வது அது. எப்போது சொல்கிறான் என்று பாருங்கள். காலையிலிருந்து உழைத்தவர்களுக்குப் பேசியபடி கூலி கொடுத்தாயிற்று. பொழுது சாயும் நேரத்தில் வந்து ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவர்களுக்கும் அதே முழுநாள் கூலியைக் கொடுக்கிறான். மற்றவர்கள் முணுமுணுக்கும்போதுதான் 'எனக்கு அதிகாரமில்லையா' என்று கேட்கிறான். கூடுதலாகக் கொடுப்பதற்கு அவன் எடுத்துக்கொண்ட அதிகாரம் அது. கூலியும் அன்று சாயங்காலமே கைக்கு வந்துவிடுகிறது. அந்த வசனத்தை வைத்துக் கூலியை நிறுத்திவைக்க வழியே இல்லை.

அது அன்று சாயங்காலமே கொடுக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. உபாகமம் 24-ஆம் அதிகாரம் அதற்குக் காரணமும் சொல்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பித்தான் இருக்கிறான். மார்க்ஸ் பிறப்பதற்கு இரண்டாயிரம் வருடங்களுக்கும் மேலாக முன்பே எழுதப்பட்டவை இவை. நீங்கள் கேட்டது மோசேயின் சட்டத்தைத்தான் அம்மா. அதற்குக் கட்சி முத்திரை குத்தினால் நீங்கள் கூச வேண்டியதில்லை.

மண்டபக் காணிக்கை என்று படித்ததும் எனக்கு எரேமியா 22 நினைவுக்கு வந்தது. யோயாக்கீம் ராஜா விசாலமான அரண்மனை கட்டுகிறான், கேதுரு மரப் பலகை பதிக்கிறான், சாயம் பூசுகிறான். கட்டிய ஆட்களுக்குக் கூலி இல்லை. தீர்க்கதரிசி அவனுக்கு 'ஐயோ' சொல்கிறார். அப்புறம் அவனுடைய தகப்பன் யோசியாவை நினைவுபடுத்துகிறார்: அவனும் சாப்பிட்டான், குடித்தான், நன்றாகத்தான் வாழ்ந்தான், ஆனால் சிறுமையும் எளிமையுமானவனின் நியாயத்தை விசாரித்தான், என்னை அறிவது என்றால் அதுதானே என்று கர்த்தர் கேட்கிறார். வசதியாக வாழ்ந்ததை அங்கே யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. பிறருடைய உழைப்பைச் சும்மா வாங்கியதுதான் குற்றம்.

இனி உங்கள் தம்பி. அப்போஸ்தலர் 2, 4 அதிகாரங்களில் விசுவாசிகள் சகலத்தையும் பொதுவாக வைத்து அனுபவித்தது உண்மை. நிலத்தையும் வீட்டையும் விற்றார்கள், அவர்களில் ஒருவருக்கும் குறைவில்லை. இதை வெறும் ஆரம்பகால உற்சாகம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஹட்டரைட் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார் 1528-இல் இந்த வழியைத் தொடங்கி, இடையில் சில காலம் விட்டுப்போனாலும், பல துன்பங்களையும் தாண்டி, இன்றும் பொதுச் சொத்தோடு வாழ்கிறார்கள். ஆனால் அடுத்த அதிகாரத்தையும் தம்பி வாசிக்க வேண்டும். "விற்குமுன் அது உன்னுடையதாக இருக்கவில்லையா?" என்று பேதுரு, நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துவிட்டு முழுவதும் கொடுத்ததாகக் காட்டிய அனனியாவைக் கேட்கிறார். அங்கே தண்டிக்கப்பட்டது பொய். எருசலேமில் யாரும் யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை.

பிடுங்கிய ஆட்சிகளையும் நாம் பார்த்துவிட்டோம். 'வேலை செய்யாதவன் சாப்பிடவும் கூடாது' என்ற வாக்கியம் 1936-ஆம் ஆண்டு சோவியத் அரசியல் சட்டத்தில் இருந்தது; பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதன் சாயல் அது. மாஸ்கோவின் கிறிஸ்து இரட்சகர் பேராலயத்தை வெடி வைத்துத் தகர்த்ததும் அதே ஆட்சிதான், 1931-இல். எல்லாத் தொழிற்சாலையும் அரசுக்கே சொந்தமானால் தொழிலாளி வேறு யாரிடம் போவான்? போலந்தில் 1980-இல் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர்கள் தொழிலாளர் பெயரில் நடந்த அரசையே எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள், உள்ளேயே திருப்பலியும் நடந்தது. அவர்கள் கேட்டவற்றில் முதலாவது, சுதந்திரமான தொழிற்சங்கம்.

சரி, அப்படியானால் முதலாளித்துவம்தான் கிறிஸ்தவ வழியா? அதுவும் இல்லை. திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் வெளியிட்ட சுற்றுமடலில் சோசலிசத்தை மறுத்தார், தனிச்சொத்து உரிமையை ஆதரித்தார். அதே மடலில், மிகச் சில பணக்காரர்கள் ஏழைத் தொழிலாளர் கூட்டத்தின்மேல் கிட்டத்தட்ட அடிமை நுகத்தையே வைத்துவிட்டார்கள் என்றும் எழுதினார். அதில் உங்கள் முதலாளி படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: வேறு வழியில்லாமலோ, இதைவிட மோசமாகிவிடுமோ என்ற பயத்திலோ தொழிலாளி கடினமான நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால், அவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் ஆளானவன். 'ஒப்புக்கொண்டுதானே வந்தார்கள்' என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போகிறது. தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையையும் அந்த மடல் ஆதரிக்கிறது.

ஆகவே பக்கம் தேட வேண்டாம். 'நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகள்' என்று லேவியராகமம் 25-இல் கர்த்தர் சொல்லும்போது முதலாளி, அரசு இருவருமே குடியிருப்பவர்கள்தான். எந்தக் கொள்கை பேசுகிறவரிடமும் நான் முதலில் கேட்பது, உங்களிடம் வேலை செய்தவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பது நல்லதாகப் போயிற்று. இந்த மாதம் பணம் வெளியே போகும் வரிசையை ஒரே தாளில் எழுதுங்கள்: வங்கித் தவணை, சரக்குப் பாக்கி, காணிக்கை, கூலி. கூலி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அதில் தெரியட்டும். மத்தேயு 18 சொல்வதுபோல முதலில் தனியாகப் போய்க் காட்டுங்கள். மரியாதையாகப் பேசுங்கள். உண்மையிலேயே பண நெருக்கடி என்றால், அதைத் தொழிலாளர்களிடம் அவர் வாயாலேயே சொல்லி, தேதி குறித்துப் பாக்கியைத் தீர்க்கச் சொல்லுங்கள். கேட்கவில்லையா, அவர் மதிக்கும் ஒருவரை, போதகரையே ஆனாலும், கூட்டிக்கொண்டு போங்கள். அப்போதும் அசையாவிட்டால் தொழிலாளர்கள் சட்டப்படி முறையிடுவது நியாயம், அதற்கு நீங்கள் தடையாக இருக்கக் கூடாது. கொடுக்காத கூலியைக் கொடுத்ததாக எழுதச் சொன்னால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், வேலையே போனாலும்.

போதகரைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: அந்த மண்டபத்துக்குச் செங்கல் சுமக்கிறவர்களுக்கு எந்தக் கிழமை கூலி?