பிரஷரைக் கட்டுக்குள் வைக்க மொபைல் ஆப் உண்மையிலேயே உதவுமா?

ஆப் பிரஷரைக் குறைக்காது; அது உங்களை விடாமல் செய்யவைக்கும் வேலைகள்தான் குறைக்கும். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு, வாரத்தில் 150 நிமிட வேகநடை, எடை குறைப்பு, எல்லாம் பழைய சங்கதிதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது வீட்டு அளவீடு. 5 நிமிடம் சும்மா சாய்ந்து உட்காருங்கள். பிரஷர் மெஷினின் பட்டையை முழங்கைக்கு மேலே, இதய உயரத்துக்கு வருமாறு கட்டி, பேசாமல், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் அந்தப் பதிவை மருத்துவரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்து அவர் மருந்தை மாற்றித் தரும் திட்டம்தான் உருப்படியானது. ஆப் அடிக்கும் வெறும் நினைவூட்டல் மணி சீக்கிரமே எரிச்சலாகிவிடும்.

அப்புறம், கேமராவில் விரல் வைத்தால் பிரஷர் சொல்லும் ஆப்களை நம்பாதீர்கள். எண் சரியாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.